கிராம சபை முதல் தேசப்பற்று வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊராட்சியில் கிராம சபைக்கு ஆள் கூட்டும் வேலையை நானாக இழுத்துப் போட்டுக்கொண்டு சில ஆண்டுகள் ஆகின்றன. வீடு வீடாகப் போய் "வாருங்கள்" என்று கூப்பிட்டால், ஆட்கள் வருகிறார்களோ இல்லையோ, கேள்விகள் தவறாமல் வந்துவிடும். தேநீர்க் கடை, ரேஷன் கடை வரிசை, கல்யாண வீட்டுப் பந்தி என்று எங்கே உட்கார்ந்தாலும் அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள். வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். சட்டம் வரும் இடத்தில் சட்டத்தைச் சொல்லியிருக்கிறேன். மற்றதெல்லாம் என் சொந்தக் கருத்து. அதோடு சண்டை போட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கிராம சபை என்றால் என்ன? ஊராட்சி மன்றக் கூட்டத்தைத்தானே சொல்கிறீர்கள்?

இல்லை. தலைவரும் வார்டு உறுப்பினர்களும் கூடுவது ஊராட்சி மன்றக் கூட்டம். கிராம சபை என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் அத்தனை பேரும். அதற்கு யாரும் உங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டியதில்லை. 18 வயது நிறைந்து பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் நீங்கள் உறுப்பினர். மக்களவையைக் கலைக்கலாம், சட்டமன்றத்தைக் கலைக்கலாம், ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலமும் ஐந்து ஆண்டில் முடிந்துவிடும். கிராம சபைக்கு மட்டும் காலாவதி கிடையாது.

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது கிராம சபைக்கு இந்த இடம் உறுதியானது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது.

எப்போது நடக்கிறது? எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே!

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்கள் பழைய வழக்கம். 2022இல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு என்று ஆக்கினார்கள். சுவரில் காலண்டர் இருக்கிறது. ஒரு முறை வட்டம் போட்டுவிட்டால் யாரும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைந்தபட்ச வருகைக் கணக்கு ஒன்றும் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேலே போனால் 300 பேர். இந்த எண்ணிக்கையை எட்டத்தான் சிலர் என்னென்ன வித்தைகளோ செய்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

போய் என்ன பேசுவது? என் பட்டா இழுத்துக்கொண்டே போகிறது, அதைச் சொல்லலாமா?

சொல்லலாம், தடை இல்லை. ஆனால் பட்டா வருவாய்த் துறையின் வேலை. கிராம நிர்வாக அலுவலர் ஊராட்சித் தலைவருக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. குடிநீர், தெருவிளக்கு, ஊராட்சிச் சாலை, சாக்கடை, குப்பை, சுடுகாடு ஆகியவை ஊராட்சியின் பொறுப்பு. அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணையில் விவசாயம் முதல் தொடக்கக் கல்வி வரை 29 துறைகளை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒப்படைக்கலாம்தான், ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. அந்த ஒரு சொல்லின் நிழலில் பெரும்பாலான மாநிலங்கள் வசதியாகப் படுத்திருக்கின்றன.

என்ன கேட்பது என்று தெரியாமல் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். "வரவு செலவுக் கணக்கை வாசியுங்கள்" என்று கேளுங்கள். குரல் உயர்த்த வேண்டாம். கூட்டத்தின் போக்கே மாறிவிடும்.

நோட்டுதான் வீட்டுக்கே வந்துவிடுகிறதே, கையெழுத்துப் போட்டுவிட்டால் போதாதா?

போதாது. நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஒரு ஜனவரி 26 அன்று, எந்த ஊராட்சி என்பது வேண்டாம், பள்ளிக்கூடத் திண்ணையில் ஐந்து நாற்காலிகள், ஒரு மேசை, அதன்மேல் தீர்மானப் பதிவேடு. திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் தேதி. அடுத்த நான்கு பக்கங்கள் வெற்றாக இருந்தன. ஆறாம் பக்கத்திலிருந்து கையெழுத்துகள். நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரைக்கு நோட்டு முதல் நாளே போய்விட்டு வந்திருக்கிறது. தீர்மானம் என்னவென்று எழுதுவதற்கு முன்பே ஊர் ஒப்புக்கொண்டாகிவிட்டது.

அன்று ஒரு அப்பத்தாவிடம் கைநாட்டு கேட்டார்கள். மை அட்டையில் கட்டைவிரலைத் தொட்டவர், விரலை அப்படியே அந்தரத்தில் நிறுத்திக்கொண்டார். "என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டு தம்பி, பிறகு வைக்கிறேன்." படித்துக் காட்ட ஒன்றுமே இல்லை. நோட்டைக் கொண்டுவந்த பையன் முழித்தான். அப்பத்தா விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சுயாட்சி பற்றி நான் கேட்ட மேடைப் பேச்சுகள் எதுவும் அந்த நீல மை படிந்த தலைப்புக்கு ஈடாகாது.

ஊராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? தலைவர் நினைத்தபடி எடுக்க முடியுமா?

சொந்த வருமானம் என்று வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவை. சிறிய ஊராட்சிக்கு அது கைச்செலவுக்குக்கூடக் காணாது. மீதியெல்லாம் மேலிருந்து வருவதுதான். மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி ஊரக, நகர உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஒன்றிய அரசின் நிதி ஆணைய மானியம் தனி. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15ஆவது நிதி ஆணையம் அந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று முன்கூட்டியே கட்டிப்போட்டுவிட்டது. ஊர் தன் விருப்பப்படி தொட முடிந்தது மீதி 40தான்.

தலைவர் தனியாக எடுக்க முடியாது. தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையொப்பமிட வேண்டும். துணைத் தலைவர் பதவிக்கு ஏன் இவ்வளவு போட்டி என்று இப்போது புரிந்திருக்கும்.

நல்ல அதிகாரி ஒருவர் இருந்தால் போதாதா? தனி அலுவலர் காலத்தில் தெருவிளக்கு ஒழுங்காகத்தானே எரிந்தது!

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் ஊராட்சியை நடத்த அரசு நியமிக்கும் அதிகாரிதான் தனி அலுவலர். என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள் என்பதால் கோபப்படவும் முடிவதில்லை. எரிந்தது உண்மை. எங்கள் பக்கத்திலும் ஒரு நேர்மையான அதிகாரி இருந்தார். அவர் இருந்த வரை குழாயில் தண்ணீர் வந்தது. மாற்றலாகிப் போனார், தண்ணீரும் அவரோடு போய்விட்டது. அவரை நாங்கள் கொண்டுவரவும் இல்லை, போகாமல் நிறுத்தவும் எங்களால் முடியவில்லை. அது எங்களுக்கு அடித்த அதிர்ஷ்டம். அதை நல்லாட்சி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இந்த வாதம் புதிதும் இல்லை. ரயில் விட்டோம், நீதிமன்றம் கட்டினோம், இனி உங்களுக்கு என்ன குறை என்று வெள்ளைக்காரன் கேட்டதும் இதேதான். 1906இல் கல்கத்தா காங்கிரஸில் தலைமை வகித்த தாதாபாய் நௌரோஜி, எங்களுக்கு வேண்டியது சுயராஜ்யம் என்றார். வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரர்களிலேயே ஒருவர் அதற்கு முன்பே ஓரளவு ஒப்புக்கொண்டிருந்தார். 1882இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தபோது, நிர்வாகம் சிறப்பாகும் என்பது இதன் முதல் நோக்கம் அல்ல, மக்களுக்கு அரசியல் பயிற்சி கிடைக்கும் என்பதே நோக்கம் என்ற பொருள்பட எழுதினார். சென்னை மாநகராட்சிக் கட்டடத்துக்கு அவர் பெயர் வைத்த நாம் அந்த வரியை மறந்துவிட்டோம்.

தனி அலுவலர் கதைக்கு வருகிறேன். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஐந்து ஆண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். மீதி ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில். அங்கே ஒரு முழுப் பதவிக்காலமே மக்கள் பிரதிநிதி இல்லாமல் போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்ற காரணத்தால் ஒன்றிய நிதி ஆணைய மானியமும் நின்றது. 2019இல் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. உடனே மறுபடியும் தனி அலுவலர்கள். விளக்கு எரிந்ததா என்று மட்டும் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் உறைக்கவில்லை.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பே உத்திரமேரூரில் தேர்தல் நடத்தியவர்கள் நாம். நமக்கு யார் வந்து ஜனநாயகம் சொல்லித்தர வேண்டும்?

பெருமைப்படுங்கள், ஆனால் கல்வெட்டை முழுதாகப் படித்துவிட்டுப் பெருமைப்படுங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கிட்டத்தட்ட கி.பி. 920ஐ ஒட்டி வெட்டப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று குழுக்கள் அமைத்தார்கள். ஆனால் குடத்தில் யார் பெயர் விழுந்தது? வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உள்ள 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆண்கள் பெயர் மட்டும். அது ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். ஏரியில் மண் சுமந்தவர் பெயர் எந்த ஓலையிலும் இல்லை.

அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு ஒரு விதியை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி குடவோலைக்குத் தகுதி இழக்கிறார்கள். கணக்குக் காட்டாதவனுக்கு மச்சானும் நிற்க முடியாது! இதை இன்றைய சட்டத்தில் சேர்த்தால் எத்தனை வேட்புமனு மிஞ்சும் என்று யோசித்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

கிராமத்துக்கு அதிகாரம் கொடுத்தால் ஆதிக்க சாதிக்குக் கொடுத்ததாக ஆகாதா?

இந்தப் பக்கத்திலேயே கனமான கேள்வி இதுதான். இதற்குச் சமாதானம் சொல்லித் தப்பிக்கக் கூடாது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இதைத்தான் கேட்டார். கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் தேங்கிய குட்டை என்ற பொருளில் பேசினார். கிராம சுயராஜ்யம் பேசிய காந்தியர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு 40ஆவது பிரிவாக ஊராட்சிகள், நீதிமன்றத்தில் கேட்டு வாங்க முடியாத வழிகாட்டு நெறிகளில் மட்டும் இடம்பெற்றன.

அவர் பயந்தது நடந்தது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் வந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் 1996 தொடங்கிப் பத்து ஆண்டுகள் தேர்தலை நடக்கவிடவில்லை. அல்லது யாரையாவது நிற்க வைத்து, வென்ற கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. அரசு இயந்திரம் உள்ளே வந்து உட்கார்ந்ததால்தான் அதுவும் நடந்தது.

அப்படியானால் அதிகாரத்தைக் கீழே கொடுக்காமல் இருப்பதுதான் வழியா? நான் அப்படி நினைக்கவில்லை. கொடுக்காத காலத்திலும் ஊரை ஆண்டவர்கள் அதே ஆட்கள்தான், பதிவேடு இல்லாமல் ஆண்டார்கள். ஒதுக்கீடு வந்த பிறகு குறைந்தது அந்த ஆட்சியை எதிர்த்துச் சொல்ல ஒரு சட்டம், ஒரு நாற்காலி, ஒரு தேதி இருக்கிறது. ஆனால் ஒதுக்கீட்டுத் தலைவரைத் தரையில் உட்கார வைக்கும் ஊர்களைப் பற்றிப் பேசாமல், ஊர் கூடித் தேர் இழுப்போம் என்று மட்டும் பாடுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. தேர் எந்தத் தெருவுக்குள் வராது என்பது அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும்.

பெண் தலைவர் என்கிறீர்கள், கூட்டத்தில் பேசுவது அவர் கணவராக இருக்கிறதே?

இருக்கிறது. 2016இல் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு வந்த பிறகும் இருக்கிறது. எங்கள் கூட்டங்களில் நாங்கள் செய்வது சின்ன வேலை. கணவர் பதில் சொன்னால், "நாங்கள் தலைவரிடம் கேட்டோம் ஐயா" என்று திரும்பவும் அதே கேள்வியைக் கேட்போம். மூன்று கூட்டம் ஆனது. நான்காவது கூட்டத்தில் அந்த அம்மாவே கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் கணவரைவிட விவரமாகச் சொன்னார்.

தீர்மானம் போட்டால் அரசு மதிக்குமா? வெறும் காகிதம்தானே?

பல நேரம் காகிதம்தான். ஆனால் சில காகிதங்களுக்கு எடை உண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டத்தைப் பற்றி முடிவு சொல்லும் பொறுப்பை 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் விட்டது. கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அங்கே வன உரிமைச் சட்டம் துணை நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லா ஊருக்கும் அந்தப் பிடி கிடையாது.

அரிட்டாபட்டி நமக்குப் பக்கத்து உதாரணம். 2024 நவம்பரில் மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. அந்த மாதமே நடந்த கிராம சபைக் கூட்டங்களில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரியில் ஏலம் ரத்து. தீர்மானம் மட்டுமே ரத்து செய்துவிட்டது என்று சொன்னால் பொய், ஊர் ஊராக மக்கள் தெருவில் நடந்தார்கள். ஆனால் நடந்தவர்கள் கையில் என்ன வைத்திருந்தார்கள் என்று பார்த்தால், அதில் அந்தத் தீர்மானமும் இருந்தது.

ஓர் ஊர் வேண்டாம் என்று சொல்லி நாட்டுக்கு வேண்டிய திட்டத்தைத் தடுக்கலாமா? அது தேசவிரோதம் இல்லையா?

தடுக்கவே கூடாது என்றும் சொல்லமாட்டேன், ஊர் சொன்னதே கடைசி என்றும் சொல்லமாட்டேன். பக்கத்து ஊருக்குக் குடிநீர்க் குழாய் போகக் கூடாது என்று தீர்மானம் போட்ட ஊர்களும் உண்டு, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் எதிர்த்துப் பேசுவதையே தேசவிரோதம் என்று சொல்வது எனக்கு ஒப்பாது. தேசம் என்று வரைபடத்தில் காட்டுகிறார்களே, அதற்குள் இந்த ஊரும் இருக்கிறது.

வ.உ.சி.யைவிடப் பெரிய தேசபக்தரை எனக்குக் காட்ட முடியாது. 1906இல் வெள்ளைக்காரக் கப்பலுக்கு எதிராகத் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். அவரே 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது சுப்பிரமணிய சிவாவோடு போய் அவர்கள் பக்கம் நின்றார். தேசம் என்று அவர் சொன்னபோது ஆலைவாசலில் நின்ற ஆட்களும் அதற்குள் இருந்தார்கள். தாகூர் இன்னொரு விதம். 1916, 17 ஆண்டுகளில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் போய் தேசியவாதம் மனிதரை இயந்திரமாக்குகிறது என்று பேசினார். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு, 1919இல், ஆங்கிலேயர் தந்த சர் பட்டத்தை வேண்டாம் என்று எழுதியவரும் அவர்தான். கொடி ஏற்றுவது எனக்குப் பிடிக்கும். ஆகஸ்ட் 15 காலையில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு, பதினோரு மணி கிராம சபைக்கு வராமல் வீட்டுக்குப் போகிறவர்களிடம்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

மாநில சுயாட்சி வேண்டாம் என்கிறீர்களா? டெல்லியை விட்டுவிட்டுச் சென்னையையே குறை சொல்கிறீர்களே?

மாநில சுயாட்சி வேண்டும். ஒன்றிய, மாநில அரசுகளின் உறவை ஆராய 1969இல் இங்கே அமைத்த ராஜமன்னார் குழு 1971இல் கொடுத்த அறிக்கை இன்னும் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதில் எனக்கு உங்களைவிட ஆத்திரம் அதிகம். மாநில ஆட்சியைக் கலைக்க டெல்லிக்கு இடம்தரும் அரசியலமைப்பின் 356ஆவது பிரிவைப் பயன்படுத்தி 1976இலும் 1991இலும் இங்கே ஆட்சியைக் கலைத்தது தவறு என்று எந்த மேடையிலும் சொல்வேன்.

அதே வாயால் இன்னொன்றையும் கேட்கிறேன். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவைப் படித்திருக்கிறீர்களா? மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்டு, மன்ற உறுப்பினர்களின் கருத்தைப் பெற்று, தன் ஆணையால் நீக்கலாம். ஆளுநர் முதல்வரிடம் செய்தால் கொதிக்கிறோம், ஆட்சியர் தலைவரிடம் செய்தால் நிர்வாகம் என்கிறோம். தவறு செய்த தலைவரை நீக்கக் கூடாதா என்றால், நீக்கலாம். நீதிமன்றமோ வாக்காளரோ நீக்கட்டும். டெல்லி நம்மிடம் வைத்துக்கொண்டிருப்பதைப் பட்டியல் போடுவது போல, நாம் ஊராட்சிகளிடமிருந்து எடுத்து வைத்திருப்பதையும் ஒரு பட்டியல் போட்டால் இரண்டும் ஒரே நீளம் வரும். கேரளம் 1996இல் மக்கள் திட்டம் என்று தன் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளிடம் விட்டுப் பார்த்தது. எல்லாம் சரியாக நடக்கவில்லை, ஆனால் வானம் இடிந்து விழவும் இல்லை.

எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப்போகிறார்களாம். நல்லதுதானே?

சிலருக்கு நல்லது, மனை விலை ஏறும். நூறு நாள் வேலையை நம்பியிருப்பவருக்கு நஷ்டம், வீட்டு வரியும் கூடும். கிராம சபை போய்விடும். நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகள் வந்திருக்கின்றன, ஆனால் அங்கே என் உறவினர் யாரும் ஒரு கூட்டத்துக்கும் போனதாகத் தெரியவில்லை. இணைப்பு வேண்டுமா என்று கிராம சபையில் பொருளாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மேலே சொன்ன காகிதக் கதைதான் இதற்கும்.

இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் எந்தக் கட்சி? ஏன் தேர்தலில் நிற்கவில்லை?

கட்சி இல்லை. நிற்கவும் ஆசை இல்லை. எனக்குக் கணக்குக் கேட்க வருகிற அளவுக்குக் கணக்கு எழுத வராது. இப்போதைக்கு என் வேலை, அடுத்த கிராம சபைக்கு முதல் நாள் மாலை அப்பத்தா வீட்டுத் திண்ணைக்குப் போய் ஞாபகப்படுத்துவது. போன முறை போனபோது, கூட்டம் எத்தனை மணிக்கு என்று அவர் கேட்கவில்லை. "நோட்டில் எழுதிவிட்டார்களா, அல்லது எழுதப்போகிறார்களா?" என்று கேட்டார்.